சிஎம்இ அமர்வுக்கு மாடரேட்டராகப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைநலத்துக்குப் பெடிகான், மயக்கவியலுக்கு ஐசாகான், பொது மருத்துவத்துக்கு ஏபிகான் என்று ஒவ்வொரு சிறப்புத் துறைக்கும் ஆண்டு மாநாடு உண்டு. மாநிலக் கிளை, மாவட்டக் கிளை மாநாடுகள் தனி. இவற்றில் நடக்கும் சிஎம்இ (மருத்துவர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி) அமர்வு நன்றாக அமைவதும் சொதப்புவதும் பாதிக்கு மேல் மாடரேட்டர் கையில்தான் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், பல தடவை போனவர்கள் கேட்காமல் விட்டுவிடும் சில கேள்விகளும் இங்கே.

சேர்பர்சன், மாடரேட்டர் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

தனித்தனிப் பேச்சுகள் உள்ள அமர்வுக்குத் தலைமை தாங்குபவர் சேர்பர்சன். நேரம் பார்ப்பது, கேள்விகளை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. பேனல் விவாதத்தை நடத்துபவர் மாடரேட்டர்; கேஸ் (விவாதத்துக்கு எடுக்கும் நோயாளி விவரம்) தயாரிப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊர் மாநாடுகளில் ஒரே அமர்வுக்கு மூன்று சேர்பர்சன்கள் போட்டுவிடுவார்கள். மூத்தவர்களுக்கு மரியாதை, கிளைகளுக்குப் பிரதிநிதித்துவம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று உட்கார்ந்திருந்தால் நேரத்தை யாருமே பார்க்க மாட்டார்கள். மேடை ஏறுவதற்கு முன்பே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் நேரம், ஒருவர் அரங்கக் கேள்விகள், ஒருவர் ஆன்லைன் கேள்விகளும் அறிமுகமும்.

அழைப்பு வந்ததும் அமைப்பாளர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

யாருக்கான அமர்வு என்பதை முதலில் கேளுங்கள். முதுநிலை மாணவர்கள் நிறைந்த அரங்குக்கும், மாவட்டத்தில் தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர்கள் நிறைந்த அரங்குக்கும் ஒரே கேஸ் எடுபடாது. பிறகு, உங்களுக்கு முன்னால் அதே அரங்கில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். முன் அமர்வு பதவியேற்பு விழா அல்லது சிறப்புச் சொற்பொழிவு என்றால் இருபது நிமிடத் தாமதத்தை இப்போதே கணக்கில் சேர்த்துவிடலாம். மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் கேட்டுவிடுங்கள்: இந்த அமர்வுக்குத் தனி ஸ்பான்சர் உண்டா, பேச்சாளரைத் தேர்ந்தெடுத்தது அறிவியல் குழுவா, அந்த நிறுவனமா?

60 நிமிட அமர்வில் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

15 நிமிடப் பேச்சு மூன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்கே 45 நிமிடம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறி, ஸ்லைடு திறந்து, மைக் சரிசெய்ய ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 3. தொடக்கத்துக்கு 2. மீதி 10 நிமிடம் கலந்துரையாடலுக்கு. காகிதத்தில் கச்சிதமாக இருக்கும். ஒவ்வொருவரும் மூன்றே மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்தால் 9 நிமிடம் போய்விட்டது, கலந்துரையாடலும் அதோடு போய்விட்டது. மூன்று நிமிடம் தாண்டியதை யாரும் பெரிய குற்றமாகவே நினைப்பதில்லை என்பதால்தான் இது எல்லா மாநாட்டிலும் நடக்கிறது.

நினைவுப் பரிசு கணக்கை இன்னும் சேர்க்கவில்லை. மூன்று சேர்பர்சன், மூன்று பேச்சாளர், ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பொன்னாடை, கேடயம், "இந்தப் பக்கம் பாருங்க சார்" என்று போட்டோ. ஆளுக்கு முக்கால் நிமிடம் என்றாலும் நாலரை நிமிடம் காலி. எல்லோருக்கும் சேர்த்து முடிவில், மேடைக்குப் பக்கவாட்டில், அடுத்த குழு ஏறிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. பரிசு கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் உள்ளூர்க் குழு உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேடையில் வைத்து மறுத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

பேச்சைப் பிடித்து நிறுத்த முடியாத ஆள் இருக்கிறார் என்று முன்பே தெரிந்தால், ஒவ்வொரு பேச்சுக்கும் பின் மூன்று நிமிடம் என்று கேள்வி நேரத்தைப் பிரித்து வையுங்கள். எல்லாக் கேள்விகளையும் கடைசிக்குத் தள்ளினால் கடைசிப் பேச்சாளரின் தலையில்தான் எல்லா நஷ்டமும் விழும். அவர் பெரும்பாலும் வயதில் இளையவராகவும் இருப்பார்.

பேச்சாளர்களிடம் முன்கூட்டி என்ன பேச வேண்டும்?

பத்து நாள் முன்னால் எல்லோரும் சேர்ந்து 20 நிமிட ஜூம் அழைப்பு ஒன்று போதும். நான்கு விஷயங்களைப் பேசி முடித்துவிடலாம்.

ஒருவர் சொல்வதையே இன்னொருவர் சொல்கிறாரா என்று பாருங்கள். சர்க்கரை நோய் அமர்வில் மூன்று பேரும் இந்தியாவில் நோயாளிகள் எத்தனை பேர் என்ற அதே வரைபடத்தோடு தொடங்குவது சர்வ சாதாரணம். நோய்ப் பரவல் புள்ளிவிவரம் முதல் பேச்சாளருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் மற்ற இருவருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

15 நிமிடத்துக்கு 15 ஸ்லைடு என்பது நடைமுறையில் தாங்கும் கணக்கு. 40 ஸ்லைடு வைத்துக்கொண்டு "வேகமா போயிடுவேன்" என்பவர் போக மாட்டார். எழுத்து 24 பாயின்டுக்குக் குறையக் கூடாது. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு "பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, இருந்தாலும்" என்று சொல்வதற்குப் பதில் அந்த ஒரு வரியை மட்டும் தட்டச்சு செய்து போடச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: கேட்டுவிட்டுப் போகிறவர் திங்கட்கிழமை ஓபியில் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? பதிலை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். அந்த வரிதான் அவருடைய கடைசி ஸ்லைடு. அவர் நேரம் தாண்டும்போது நீங்கள் குதித்துப் போகச் சொல்லும் ஸ்லைடும் அதுவே.

கடைசியாக, இரண்டு நிமிடம் இருக்கும்போது சைகை வரும், நேரம் முடிந்ததும் நான் எழுந்து நிற்பேன் என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எழுந்து நிற்கும்போது யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அரங்குக்கு அரை மணி முன்னால் போய் என்ன பார்ப்பது?

முதலில் ப்ரிவியூ அறை. எல்லா ஸ்லைடும் வந்துவிட்டதா, வீடியோக்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பென் டிரைவில் பிரசன்டேஷன் மட்டும் இருக்கும், வீடியோ பேச்சாளரின் வீட்டு லேப்டாப்பிலேயே தங்கியிருக்கும். கோப்பின் உள்ளே சேர்க்காமல் இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். மேக்கில் செய்ததை விண்டோஸில் திறந்தால் எழுத்துரு மாறி வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வீடியோவில் சத்தம் முக்கியம் என்றால், உதாரணத்துக்குக் குழந்தையின் ஸ்ட்ரைடர் (மூச்சு இழுக்கும்போது வரும் சத்தம்) ஒலி, அரங்க ஸ்பீக்கரில் அது கேட்கிறதா என்று ஆடியோ ஆளிடம் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். படம் ஓடிச் சத்தம் வராமல் போனால், லேப்டாப் ஒலி மிக்ஸருக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது திரை. இப்போது பெரிய அரங்குகளில் ப்ரொஜெக்டர் போய் எல்இடி சுவர் வந்துவிட்டது. லேசர் பாயின்டர் அதில் தெரியவே தெரியாது. பேச்சாளர் "இங்கே பாருங்கள்" என்று எதையோ சுட்டிக்கொண்டே இருப்பார், அரங்கம் எதையும் பார்க்காது. ஆன்லைனில் இருப்பவர்களுக்கு எப்படியும் தெரியாது. லேப்டாப்பின் மவுஸ் அம்புக்குறியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பவர்பாயின்ட் ஸ்லைடு ஷோவில் கண்ட்ரோல் (Ctrl) விசையோடு L விசையை அழுத்தினால் அதுவே சிவப்புப் புள்ளியாக மாறும். இந்த ஒன்றைச் சொன்னதற்காகவே பேச்சாளர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

மைக்கைப் பொறுத்தவரை, காலரில் குத்தும் சின்ன மைக் மீது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறோ பட்டுப் புடவையின் முந்தானையோ உரசினால் அரங்கம் முழுக்க கரகரவென்று கேட்கும். அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வது போதும். பேனலில் ஆறு மைக்கும் திறந்தே இருந்தால் 'கீ' என்று இழுக்கும். பேசாதவர்கள் அணைத்துவைக்க வேண்டும். அரங்கக் கேள்விகளுக்குக் குறைந்தது இரண்டு கம்பியில்லா மைக், அவற்றோடு இரண்டு தன்னார்வலர்கள் தேவை.

நேரங்காட்டி பேச்சாளரின் கண்ணுக்கு நேரே இருக்கிறதா, கீழே எண்ணி வருகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒரு டேப்லெட்டை முதல் வரிசை நாற்காலியில் சாய்த்து வைத்துவிடலாம்.

அறிமுகம் எவ்வளவு நீளம்?

30 வினாடி. பெயர், எங்கே வேலை செய்கிறார், இந்தத் தலைப்பில் பேச அவருக்கு என்ன தகுதி. பெற்ற விருதுகளும் எழுதிய அத்தியாயங்களும் திரையில் ஓடட்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று வடக்கிலிருந்து வந்தவரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சாளர் நேரம் தாண்டினால்? அதுவும் அவர் என் பேராசிரியராக இருந்தால்?

படிப்படியாகப் போகலாம். இரண்டு நிமிடம் இருக்கும்போது சைகை அல்லது சின்ன மணி. நேரம் முடிந்ததும் உங்கள் இருக்கையிலிருந்து எழுந்து நில்லுங்கள். வாய் திறக்க வேண்டாம். அடுத்த 30 வினாடியில் போடியம் நோக்கி நடங்கள். அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலானவர்கள் முடித்துவிடுவார்கள். முடிக்கவில்லை என்றால் வாக்கியத்தின் நடுவில் அவர் மூச்சு விடும் இடத்தில் மைக்கில் சொல்லுங்கள்: "சார், உங்க கடைசி ஸ்லைடை மட்டும் எல்லாரும் பார்த்துடலாம் சார்." சொல்லும்போதே லேப்டாப் இயக்குபவருக்குச் சைகை காட்டி அந்த ஸ்லைடைக் கொண்டுவரச் செய்யுங்கள். ஸ்லைடு மாறிவிட்டால் பேச்சு தானாக முடிவுக்கு வரும்.

பேராசிரியர் என்றாலும் இதே முறைதான், வார்த்தை மட்டும் மாறும். "நேரமாகிவிட்டது" என்று அவரிடம் சொல்ல வேண்டாம். "சார், உங்ககிட்ட கேக்குறதுக்கு நிறைய கேள்வி காத்திருக்கு சார்" என்று சொல்லுங்கள். மற்ற சேர்பர்சன்களில் அவருக்குச் சமமான மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரைச் சொல்லவைப்பது இன்னும் எளிது. இந்தக் காரணத்துக்காகவே மூத்தவர் ஒருவர் சேர்பர்சனாக இருப்பது நல்லது.

மைக்கை அணைப்பது கடைசி ஆயுதம். அதைப் பயன்படுத்தும் நிலை வந்தால், முதல் இரண்டு படிகளை நீங்கள் தள்ளிப்போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

நான்கு நிமிடம் தாண்டிய முதல் பேச்சாளருக்காகக் கடைசிப் பேச்சாளரிடம் "கொஞ்சம் சுருக்கிக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் தயாரித்து வந்த 15 நிமிடம் அவருடையது.

யாரும் கேள்வி கேட்காவிட்டால்?

ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு கேள்விகளை நீங்களே எழுதி வைத்திருங்கள். "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டதும் ஐந்தாறு வினாடி மௌனம் வரும், அது இயல்பு. அவசரப்பட்டு "சரி, நன்றி" என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் முதல் கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும் நேரத்தில் கூட்டத்தில் இரண்டு கை எழுந்துவிடும்.

உங்கள் கேள்வி வரம்பைப் பற்றியதாக இருந்தால் பயன்படும். "இந்த மருந்தைச் சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு எந்த ஈஜிஎஃப்ஆருக்கு (சிறுநீரகச் செயல்பாட்டு அளவு) கீழே நிறுத்துவீர்கள்?", "எம்ஆர்ஐ இல்லாத ஊரில் இதை எப்படிச் செய்வது?" போன்றவை. "இதன் எதிர்காலம் எப்படி?" என்ற கேள்வியால் யாருக்கும் பயனில்லை.

முதுநிலை மாணவர்கள் மைக்கில் கேட்கத் தயங்குவார்கள், அவர்களுடைய துறைத் தலைவரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். கியூஆர் கோடு வழியாகப் பெயர் இல்லாமல் கேள்வி அனுப்பும் வசதி இருந்தால் அவர்களிடமிருந்து வரும் கேள்விகள்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து ஒருவர் சொற்பொழிவே ஆற்றினால்?

மைக்கை அவர் கையில் கொடுக்காமல் தன்னார்வலரே பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தொடக்கத்திலேயே விதியைச் சொல்லிவிடுங்கள்: பெயர், ஊர், ஒரே கேள்வி. "என்னுடைய முப்பது வருட அனுபவத்தில்" என்று தொடங்கிவிட்டால், முதல் முற்றுப்புள்ளியில் நுழைந்து அவர் சொன்னதை நீங்களே கேள்வியாக மாற்றுங்கள்: "சார் கேட்பது, இதை எல்லோருக்கும் முதலிலேயே கொடுக்கலாமா என்பது. டாக்டர், உங்கள் பதில்?" அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். பரவாயில்லை, மறுக்கவும் மாட்டார்.

தமிழில் கேள்வி கேட்கலாமா?

தாராளமாக. மாவட்ட ஐஎம்ஏ (இந்திய மருத்துவச் சங்கம்) கிளைக் கூட்டங்களில் பாதி விவாதம் தமிழில்தான் நடக்கிறது. வெளிமாநிலப் பேச்சாளர் மேடையில் இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்வது நல்ல பழக்கம். பதிவில் கேள்வி காதில் விழாமல் பதில் மட்டும் விழும் குறை இதனால் போகும்.

பேனல் விவாதத்துக்குக் கேஸ் எப்படித் தயாரிப்பது?

பேனல் கெடுவதற்கு முதல் காரணம், மாடரேட்டர் 60 ஸ்லைடு கொண்டுவந்து தானே பாடம் எடுப்பது. இரண்டாவது, ஒரே கேள்வியை வரிசையாக ஐந்து பேரிடமும் கேட்பது. மூன்றாவது ஆளுக்கு வரும்போது "எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னதுதான்" என்று தொடங்கிவிடுவார்.

45 நிமிடத்துக்கு நான்கு பேர், மூன்று கேஸ் போதும். ஒவ்வொரு கேஸிலும் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் மூன்று அல்லது நான்கு. ஒரு இடத்துக்கு ஒரு ஸ்லைடு, ஒரு கேள்வி, பெயர் சொல்லி ஒருவரிடம். அவர் சொன்னதற்கு மாறாகச் செய்யக்கூடியவர் யார் என்பது ஜூம் அழைப்பிலேயே தெரிந்திருக்கும். இரண்டாவதாக அவரிடம் போங்கள்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடு: 28 வயது இளைஞர், காய்ச்சல் 4-ஆம் நாள், விடாத வாந்தி, வயிற்று வலி, தட்டணுக்கள் 62,000, ரத்த அழுத்தம் 110/70. கேள்வி: வீட்டுக்கு அனுப்புவீர்களா, சேர்ப்பீர்களா? எண்களைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று தோன்றும். வாந்தியும் வயிற்று வலியும் எச்சரிக்கை அறிகுறிகள், அதனால் சேர்க்க வேண்டும். இரண்டாவது ஸ்லைடு: மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, தட்டணுக்கள் 18,000, ரத்தக் கசிவு எங்கும் இல்லை. இங்கே நிறுத்தி, தட்டணு ஏற்றுவீர்களா என்று அரங்கத்தைக் கை தூக்கச் சொல்லுங்கள். நிறையக் கைகள் எழும்; உறவினர்கள் அழுத்தம் கொடுக்கும் இடமும் இதுதான். கைகள் எழுந்த பிறகே அடுத்த வரியைக் காட்டுங்கள்: ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 40-இலிருந்து 48, ரத்த அழுத்தம் 100/80. 20 சதவீத ஏற்றம் பிளாஸ்மா கசிவைக் காட்டுகிறது, நாடி அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களின் வித்தியாசம்) 20-க்குச் சுருங்கியது அதிர்ச்சி நிலையின் அடையாளம். அந்த நேரத்தில் நோயாளிக்குத் தேவை அளந்து கொடுக்கும் சலைன். ரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதை இந்திய தேசிய வழிகாட்டுதல் 10,000-க்குக் கீழே என்றுதான் சொல்கிறது. மூன்றாவது ஸ்லைடு: 36 மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல், வலது பக்க நுரையீரல் உறையில் நீர், ஹெமடோக்ரிட் 38. இப்போது சலைனை என்ன செய்வது? கசிந்த திரவம் ரத்தக் குழாய்க்குள் திரும்பும் கட்டம் இது. நிறுத்தாமல் ஓடவிட்ட சலைன்தான் திணறலைக் கூட்டும்.

ஹெமடோக்ரிட்டைத் தட்டணுக்களோடு ஒரே ஸ்லைடில் முதலிலேயே போட்டிருந்தால் இந்தக் கேஸில் விவாதிக்க ஒன்றுமே இருந்திருக்காது. எதை எப்போது காட்டுவது என்பதில்தான் மாடரேட்டரின் உழைப்பு இருக்கிறது.

கேள்விகளைப் பேனலுக்கு முன்பே அனுப்புங்கள். பதில்களை அனுப்பச் சொல்லாதீர்கள், மேடையில் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

பேச்சாளர் தவறான டோஸ் சொல்லிவிட்டால்?

அப்போதே, அந்த மேடையிலேயே சரிசெய்ய வேண்டும். அமர்வு முடிந்து தனியாகச் சொன்னால், எழுதிக்கொண்டு போனவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. அவர் வாய்தவறியே சொல்லியிருப்பார். வெளியே வர வழி விட்டுக் கேளுங்கள். அனஃபிலாக்ஸிஸுக்கு (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) "அட்ரினலின் ஒரு மில்லி" என்று சொல்லி நகர்ந்துவிட்டார் என்று வையுங்கள். "டாக்டர், பெரியவர்களுக்கு எந்தச் செறிவில், எந்த வழியில், எவ்வளவு என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், எல்லோரும் எழுதிக்கொள்ளட்டும்" என்று கேட்டால் 1:1000 கரைசலில் 0.5 மில்லி, தொடைத் தசையில் என்று அவரே சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். மரியாதை பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

அங்கீகரிக்கப்படாத பயன்பாட்டுக்கு மருந்தைப் பரிந்துரைத்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்லவையுங்கள்.

ஸ்பான்சர் விஷயத்தில் எதில் கவனம் வேண்டும்?

பேச்சாளரின் இரண்டாவது ஸ்லைடு நலன் முரண் (நிறுவனங்களோடு தனக்குள்ள தொடர்பு) அறிவிப்பாக இருக்கட்டும். அரை வினாடியில் தாண்டிவிட்டால், நீங்களே வாசித்துவிடுங்கள். மருந்துகள் பொதுப் பெயரில் வர வேண்டும். பிராண்டு சொல்லியே ஆக வேண்டும் என்றால் சந்தையில் உள்ள இரண்டு மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம். ஸ்லைடின் மூலையில் நிறுவன லோகோ இருக்கிறதா என்று ப்ரிவியூ அறையிலேயே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனம் நடத்தும் சிம்போசியம் என்றால் நிகழ்ச்சி நிரலிலும் உங்கள் முதல் வாக்கியத்திலும் அது தெரிய வேண்டும்.

விதிகளும் உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் 2009 டிசம்பரில் சேர்த்த 6.8-ஆம் பிரிவு, மருந்து நிறுவனங்களிடம் பரிசோ பயண வசதியோ பெறுவதை மருத்துவர்களுக்குத் தடை செய்கிறது. நிறுவனங்கள் பக்கம், 2024 மார்ச்சில் வந்த யுசிபிஎம்பி என்ற மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை வெளிநாட்டில் சிஎம்இ நடத்துவதைத் தடுக்கிறது. பயண வசதியைப் பேச்சாளர்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. நீங்கள் பேச்சாளராகவோ மாடரேட்டராகவோ போனால், உங்கள் டிக்கெட் யார் கணக்கில் என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நோயாளியின் படம், வீடியோ காட்டும்போது?

கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்பது பழைய நம்பிக்கை. முகத்தை அடையாளம் காண மூக்கும் வாயும் மச்சமுமே போதும். எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் மருத்துவமனை எண்ணும் இருக்கும். அதை வெட்டிவிட்டதாகப் பேச்சாளர் சொல்வார். பவர்பாயின்டில் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும், ஸ்லைடைப் பகிர்ந்தால் யார் வேண்டுமானாலும் திரும்ப விரிக்கலாம். வெட்டிய பகுதிகளை நிரந்தரமாக நீக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. பேச்சு நடக்கும்போதே ஸ்லைடுகள் வாட்ஸ்அப்பில் பறந்துகொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நேரடி அறுவை சிகிச்சை ஒளிபரப்பு இன்னும் நுட்பமானது. இது குறித்த பொதுநல வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அப்படிப்பட்ட அமர்வுக்குத் தலைமை தாங்கினால், அறுவை செய்பவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்காதீர்கள். தியேட்டருக்குள் அறுவையில் பங்கெடுக்காத மூத்தவர் ஒருவர் இருந்து, எந்தக் கேள்வியை எப்போது கேட்கலாம் என்று தீர்மானிக்கட்டும். ரத்தப்போக்கோ வேறு சிக்கலோ வந்தால் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அரங்கம் ஏமாந்தால் ஏமாறட்டும்.

கிரெடிட் மணி நேரத்துக்கும் மாடரேட்டருக்கும் என்ன சம்பந்தம்?

2002 விதிகள் 5 ஆண்டுக்கு 30 மணி நேர சிஎம்இ என்று சொல்கின்றன. அந்தக் கணக்கில் சேரும் நேரம்தான் கிரெடிட். அங்கீகாரத்துக்கு மாநில மருத்துவக் கவுன்சிலிடம் விண்ணப்பிப்பது அமைப்பாளர் வேலை. நிகழ்ச்சி நிரலில் காட்டிய நேரத்துக்குத்தான் கிரெடிட் கிடைக்கிறது என்பதால், ஒரு மணி நேர அமர்வை 40 நிமிடத்தில் முடித்துவிட்டு எல்லோரையும் சாப்பிட அனுப்புவது சரியில்லை. அமர்வுக்குப் பின் தேர்வு வைப்பதாக இருந்தால் ஐந்து கேள்விகள் போதும், அவை பேச்சில் உண்மையிலேயே வந்தவையாக இருக்கட்டும்.

ஆன்லைனிலும் ஒளிபரப்பினால் என்ன மாறும்?

மூன்று விஷயங்கள். யூடியூப் போன்ற நேரலை அரை நிமிடம் வரை பின்தங்கி வரும், அதனால் அங்கிருந்து வரும் கேள்வி எப்போதும் முந்தைய ஸ்லைடைப் பற்றியதாக இருக்கும். வாக்கெடுப்பு வைத்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள். அடுத்து, வெளிநாட்டிலிருந்து பேசுபவருக்குத் தன் குரலே அரை வினாடி கழித்துத் திரும்பக் கேட்டால் நாக்கு குழறும்; அரங்க ஒலியில் அவர் குரலை மட்டும் கழித்து அவருக்கு அனுப்ப வேண்டும் என்று ஆடியோ ஆளிடம் முன்பே சொல்லுங்கள். மூன்றாவது, அவருடைய பேச்சின் பதிவு ஒன்று அரங்க லேப்டாப்பில் இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் பதிவை ஓட்டிவிட்டு, கேள்விகளுக்குத் தொலைபேசியில் பிடித்துக்கொள்ளலாம்.

பேச்சாளர் வரவே இல்லை என்றால்?

அடுத்தவரை முன்னால் இழுக்காதீர்கள். பக்கத்து அரங்கிலிருந்து 11.30-க்கு அந்தப் பேச்சைக் கேட்க வருகிறவர் 11.15-க்கே அது முடிந்துவிட்டது என்று தெரிந்தால் கோபப்படுவார், நியாயம் அவர் பக்கம்தான். காலியான 15 நிமிடத்தை முந்தைய பேச்சின் கேள்விகளுக்குக் கொடுங்கள், அல்லது கையிருப்பில் வைத்திருக்கும் கேஸ் ஒன்றை மேடையில் இருப்பவர்களோடு விவாதியுங்கள். அந்தக் கையிருப்புக் கேஸ் எப்போதும் உங்கள் பென் டிரைவில் இருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் அமர்வை எப்படிச் சமாளிப்பது?

பிரியாணிக்குப் பிறகு அரங்க விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம், எல்இடி சுவருக்கு அது தேவையும் இல்லை. முதல் ஸ்லைடிலேயே கேஸும் வாக்கெடுப்பும் வைத்துவிடுங்கள். பத்துப் பேர்தான் இருந்தாலும் குறித்த நேரத்தில் தொடங்குங்கள்.

மேடையில் இரண்டு நிபுணர்கள் மோதிக்கொண்டால்?

நல்லது, விடுங்கள். இரண்டு சுற்று போகட்டும். பிறகு, கருத்து வேறுபாடு எதில் என்று பிரித்துக் காட்டுங்கள்: ஆய்வு முடிவைப் படிப்பதிலா, நோயாளியைத் தேர்ந்தெடுப்பதிலா, செலவிலா? பல நேரம் ஒருவர் அரசு மருத்துவமனை நோயாளியையும் மற்றவர் கார்ப்பரேட் மருத்துவமனை நோயாளியையும் மனத்தில் வைத்துப் பேசுவார். இன்னார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தனிப்பட்ட முறையில் போனால் மட்டும் அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுங்கள்.

அமர்வு முடிந்த பிறகு ஏதாவது வேலை உண்டா?

மேடையில் பதில் கிடைக்காத ஆன்லைன் கேள்விகளைப் பேச்சாளர்களுக்கு அனுப்பி, பதில்களை மாநாட்டுச் செயலியிலோ சங்கக் குழுவிலோ போடச் சொல்லுங்கள். மேடையில் திருத்தப்பட்ட டோஸ் ஏதாவது இருந்தால் பகிரப்போகும் ஸ்லைடிலும் அது திருத்தப்பட்டதா என்று பாருங்கள். அறிவியல் குழுவுக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்: யார் எவ்வளவு நேரம் எடுத்தார், கேள்விகளுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சியது, மைக்கில் என்ன கோளாறு, எந்தத் தலைப்புக்குக் கூட்டம் நின்றுகொண்டு கேட்டது. அடுத்த ஆண்டு நிரல் போடுபவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள், இந்த அரைப் பக்கம் இல்லாவிட்டால் இதே அரங்கில் இதே மூன்று பேச்சையும் அதே 60 நிமிடத்துக்குள் மறுபடியும் அடைப்பார்கள்.